வாத்து பிளேக் வைரஸ்ல ஜி-இ புரோட்டீனை எடுத்துட்டா என்ன ஆகுது: ஒரு நிகழ்வு ஆய்வு

வாத்து பிளேக்னு பேச்சு வந்தா எத்தனை வாத்து செத்துச்சு, ஊசி எப்ப போடணும்ங்கறதோட முடிஞ்சுரும். அந்த வைரஸோட மேல் உறைல என்னென்ன புரோட்டீன் உக்காந்திருக்கு, அதுல எதை எடுத்தா வைரஸ் படுக்கும் எதை எடுத்தா சமாளிச்சு ஓடும்ங்கறது லேப்காரங்க விஷயமாவே நின்னு போச்சு. ஆனா அடுத்த தலைமுறை தடுப்பூசி அந்த உறைலேர்ந்து தான் வரப்போகுது, அதனால இதை கொஞ்சம் நிதானமா பாக்கலாம். எல்லா புரோட்டீனையும் எடுத்தா ஒரு புக் ஆயிரும், அதனால ஒரே ஒரு ஆளை மையமா வச்சுக்கிறேன், ஜி-இ, அதாவது கிளைக்கோபுரோட்டீன் இ. சீனாவுல செங்டு பக்கம் இருக்குற சிச்சுவான் வேளாண் பல்கலைக்கழகத்துல செங் அன்சுன், வாங் மிங்ஷு குழு பல வருஷமா இந்த வைரஸை ஜீன் ஜீனா பிரிச்சு பாத்துட்டு இருக்காங்க, ஜி-இ பத்தின முக்கியமான வேலை அவங்களோடது தான்.

வாத்து பிளேக் வைரஸும் ஹெர்பிஸ் குடும்பத்து ஆள் தான். நான் சொல்ல வர்றது இது தான். ஒரு ஹெர்பிஸ் வைரஸ்ல ஒரு புரோட்டீனுக்கு இன்னொரு ஹெர்பிஸ் வைரஸ்ல என்ன வேலைன்னு தெரிஞ்சதால இங்கயும் அதே வேலைன்னு எழுதிட்டு போக முடியாது, நெருங்கின சொந்தக்கார வைரஸா இருந்தா கூட. ஜி-இ அதுக்கு நல்ல கேஸ்.

முதல்ல நோய்

1923-ல நெதர்லாந்துல போடே வீட்டு வாத்துகள்ல ரத்தக்கசிவோட வர்ற ஒரு கொள்ளை நோயை பதிவு பண்ணாரு. கோழி பிளேக் வைரஸ், அதாவது இன்னைக்கு நாம பறவை காய்ச்சல்னு சொல்றது, அதோட ஒரு வகை வாத்துக்கு பழகிருச்சுன்னு தான் அப்ப நெனச்சாங்க. 1942-ல போஸ் மறுபடி பாத்து, இது கோழிக்கு பரவவே மாட்டேங்குது, இது வேற வைரஸ்னு சொன்னாரு. 1949-ல யான்சனும் குன்ஸ்டும் லண்டன்ல நடந்த சர்வதேச கால்நடை மருத்துவ மாநாட்டுல வாத்து பிளேக்ங்கற பேரையே முன்வச்சாங்க. மனுஷனுக்கு வர்ற பிளேக்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அது பாக்டீரியா, இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ், மனுஷனுக்கு வராது.

அமெரிக்காவுல 1967-ல நியூயார்க் லாங் ஐலண்ட்ல வெள்ளை பீக்கிங் வாத்து பண்ணைகள்ல முதல்ல வந்துச்சு. 1973 ஜனவரில சவுத் டகோட்டாவுல லேக் ஆண்டிஸ் சரணாலயத்துல குளிர்காலத்துக்கு தங்கியிருந்த ஏறக்குறைய 1 லட்சம் மல்லார்ட் காட்டு வாத்துல 40,000-க்கு மேல செத்துப் போச்சு. இந்த நோய் பண்ணையோட நிக்காதுன்னு அப்ப தான் எல்லாருக்கும் உறைச்சுது. சீனாவுல 1957-ல குவாங்சோவுல பதிவாச்சு, இந்தியாவுல 1960-கள்ல மேற்கு வங்கத்துல உறுதி பண்ணாங்க.

செத்த வாத்தை அறுத்துப் பாத்தா மறக்க முடியாது. உணவுக்குழாய் உள்பக்கம் நீளவாக்குல மடிப்பு மடிப்பா இருக்குமே, அந்த மடிப்பு மேலேயே மஞ்சளா பொருக்கு படிஞ்சு கிடக்கும், ஆசனவாய் உள்பக்கமும் அதே. குடல்ல வெளிலேர்ந்து பாத்தாலே மோதிரம் மாதிரி சிவப்பு பட்டை தெரியும், அது குடல் சுவர்ல இருக்குற நிணநீர் திசு செத்து ரத்தம் கசிஞ்ச இடம். ஈரல் முழுக்க ஊசி குத்துன மாதிரி வெள்ளை, சிவப்பு புள்ளி, வயித்துக்குள்ள ரத்தம் தேங்கி நிக்கும். ஆண் வாத்துல உறுப்பு வெளில தள்ளியிருக்கும். உடம்புல சதை வத்திப்போக டைம் கூட இருக்காது, வைரஸ் உள்ள போய் 3-லேர்ந்து 7 நாள்ல அறிகுறி, அதுக்கப்புறம் 1-லேர்ந்து 5 நாள்ல கதை முடிஞ்சுரும். மந்தைக்கு மந்தை சாவு 5 சதவீதத்துலேர்ந்து 100 வரைக்கும் மாறும். மஸ்கோவி, நம்மூர்ல மணிலா வாத்துன்னு சொல்றது, இதுக்கு ரொம்ப சீக்கிரம் விழும், பின்டெயில் மாதிரி சில காட்டு இனம் நல்லாவே தாங்கும்.

தப்பிச்ச வாத்து தான் உண்மைல பெரிய தலைவலி. ஹெர்பிஸ் குடும்பத்து புத்தி போகுமா, வைரஸ் முகத்துக்கு போற ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சுல பதுங்கிரும், பாக்க ஆரோக்கியமா இருக்குற வாத்து பின்னாடி ஒரு நாள் மறுபடி வைரஸை வெளில விடும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

உறைல யாரெல்லாம் இருக்காங்க

வைரஸோட முறையான பேரு அனாடிட் ஆல்ஃபாஹெர்பிஸ்வைரஸ் 1. மார்டிவைரஸ் ஜீனஸ், அதாவது கோழிகளுக்கு வர்ற மாரெக்ஸ் நோய் வைரஸ் இருக்குற அதே வீடு. உள்ள ஏறக்குறைய 1,58,000 எழுத்து நீளத்துக்கு இரட்டை இழை டிஎன்ஏ, அதை சுத்தி 162 துண்டுகளால ஆன கேப்சிட் கூடு, அதுக்கு வெளில டெகுமென்ட்ங்கற புரோட்டீன் கூழ், எல்லாத்துக்கும் மேல கொழுப்பு சவ்வு உறை. தடுப்பூசி வகையான விஏசி வைரஸோட முழு டிஎன்ஏ வரிசை 2009-ல வெளியாச்சு, 1,58,089 எழுத்து, 78 புரோட்டீன் வரும்னு கணக்கு போட்டாங்க. அதுக்கு முன்னாடியும் துண்டு துண்டா ஜீன்கள் தெரிஞ்சிருந்துச்சு, ஆனா முழு வரிசை கைல வந்தப்புறம் தான் எந்த ஜீன் எங்க இருக்கு, பக்கத்துல யாருன்னு தெளிவாச்சு.

அந்த சவ்வுல தான் கிளைக்கோபுரோட்டீன்கள் குத்தி வச்சிருக்கு, சர்க்கரை சங்கிலி ஒட்டுன புரோட்டீன். மனுஷனுக்கு உதட்டுல கொப்புளம் போடுற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்ல முதல்ல வச்ச பேரு வரிசைலயே இங்கயும் கூப்பிடுறாங்க, ஜி-பி, ஜி-சி, ஜி-டி, ஜி-இ, ஜி-ஐ, ஜி-எச், ஜி-எல், ஜி-எம், ஜி-என், ஜி-கே, ஜி-ஜே இப்படி. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்ல ஜி-பி, ஜி-டி, ஜி-எச், ஜி-எல் நாலும் சேர்ந்து தான் வைரஸ் சவ்வை செல் சவ்வோட ஒட்டி உருக்குது, அந்த நாலுல ஒண்ணு இல்லன்னாலும் உள்ள நுழைய முடியாது. மத்ததெல்லாம் துணை வேலைன்னு ஒரு பட்டியல்ல போட்டு வச்சிருந்தாங்க, லேப் தட்டுல வளர்க்க அவசியமில்லாததுன்னு. ஜி-இ, ஜி-ஐ ரெண்டும் ஜோடியா சேர்ந்து ஒரு செல்லுலேர்ந்து பக்கத்து செல்லுக்கு நேரா தாவ உதவுது, ஜி-சி செல் மேல இருக்குற ஹெபரான் சல்ஃபேட்ங்கற சர்க்கரை சங்கிலியை புடிச்சு முதல் ஒட்டலுக்கு உதவுது, இப்படி.

டிஎன்ஏல யூஎஸ்-6, யூஎஸ்-7, யூஎஸ்-8ங்கற ஜீன் மூணும் வரிசையா பக்கத்து பக்கத்துல இருக்கு, அதுலேர்ந்து முறையே ஜி-டி, ஜி-ஐ, ஜி-இ வருது. இப்படி ஒட்டி இருக்குறது பின்னாடி ஆராய்ச்சிக்காரங்களுக்கு பெரிய கவலையா ஆச்சு, அதுக்கு வர்றேன்.

பாக்டீரியாவுல செஞ்ச புரோட்டீன் காலம்

2005-க்கு அப்புறம் கொஞ்ச வருஷத்துக்கு வந்த பேப்பர்களை புரட்டினா ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். வைரஸ்லேர்ந்து ஒரு ஜீனை பிசிஆர்-ல பெருக்கு, பிளாஸ்மிட்ங்கற சின்ன டிஎன்ஏ வளையத்துல ஏத்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள விடு, புரோட்டீன் வண்டலா அடில சேரும், அதை யூரியாவுல கரைச்சு நிக்கல் அடைச்ச குழாய்ல பிரிச்சு எடு, முயலுக்கு ஊசி போட்டு ஆன்டிபாடி வாங்கு, அப்புறம் வைரஸ் புடிச்ச செல்லுல வெஸ்டர்ன் பிளாட், அதாவது அந்த ஆன்டிபாடி புரோட்டீனை புடிச்சா பட்டையா காட்டுற சோதனை. ஜி-இ-க்கும் 2010 வாக்குல இதே வேலை நடந்துச்சு, 490 அமினோ அமிலம் நீளம்னு வந்துச்சு, ஜி-சி 431. ஜி-எம்-மும் ஜி-என்-னும் செல்லுக்குள்ள ஒரே இடத்துல சேர்ந்து இருக்குன்னு 2014-ல காட்டுனதும் இந்த மாதிரி ஆன்டிபாடி கையில இருந்ததால தான்.

இந்த பேப்பர்களை கிண்டல் பண்றவங்க இருக்காங்க, எனக்கும் ஒரு காலத்துல சலிப்பா தான் இருந்துச்சு, ஆனா அந்த ஆன்டிபாடி இல்லன்னா பின்னாடி ஜீனை வெட்டி எடுத்தப்ப புரோட்டீன் நெஜமாவே காணாம போச்சான்னு எதை வச்சு சரி பாக்குறது? அதே நேரத்துல அதோட எல்லையும் தெரியணும். ஈ.கோலை சர்க்கரை சங்கிலி ஒட்டாது. கிளைக்கோபுரோட்டீன்ல சர்க்கரை தான் பாதி முகம், வாத்து உடம்பு பாக்குறது சர்க்கரையோட மடிஞ்ச வடிவத்தை, நாம முயலுக்கு காட்டுனது யூரியாவுல அவுந்து போன நூலை. அதனால அந்த ஆன்டிபாடி பிளாட்ல அழகா பட்டை காட்டும், வைரஸை தடுத்து நிறுத்துமாங்கறது வேற கேள்வி. ஒரு புரோட்டீன் இருக்கு, இந்த நேரத்துல வருது, இந்த இடத்துல உக்காருதுன்னு சொல்லலாம். என்ன வேலை செய்யுதுன்னு சொல்ல முடியாது.

பேக் குளோன் வந்தப்புறம்

வேலையை தெரிஞ்சுக்க ஒரே வழி, வைரஸ்லேர்ந்து அந்த ஜீனை மட்டும் எடுத்துட்டு வைரஸ் என்ன பாடு படுதுன்னு பாக்குறது. 1,58,000 எழுத்து டிஎன்ஏல ஒரு இடத்தை மட்டும் வெட்டணும், செல்லுக்குள்ள வைரஸ் வளர்றப்பவே இதை பண்ணா வெட்டுப்பட்டதும் படாததும் கலந்து கிடக்கும், பிரிச்சு எடுக்கறதுக்குள்ள உயிர் போயிரும். அதனால வைரஸோட முழு டிஎன்ஏவையும் பாக்டீரியாவுக்குள்ள ஒரு பெரிய வட்டமா வச்சு பராமரிக்குற முறை வந்துச்சு, பாக்டீரியல் ஆர்டிஃபிஷியல் குரோமசோம், சுருக்கமா பேக்.

வாத்து பிளேக் வைரஸுக்கு இதை 2011-ல வெளியிட்டது பெர்லின்ல ஆஸ்டர்ரீடர் குழு, 2085-னு ஒரு வீரியமான ஐரோப்பிய வைரஸை வச்சு. அவங்க பண்ணதுல ஒரு சாமர்த்தியம் இருக்கு. பாக்டீரியாவுல நிக்கிறதுக்கு தேவையான மினி-எஃப் துண்டை சொருக ஒரு இடம் வேணும், அதுக்கு ஜி-சி ஜீன் இருந்த இடத்தையே எடுத்துக்கிட்டாங்க. ஜி-சி போனாலும் வைரஸ் வளருதுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு, பின்னாடி ஜி-சி-ய திரும்ப வச்சு சரி பண்ணிக்கிட்டாங்க. ஒரே கல்யாணத்துல மொய்யும் வாங்கி சீரும் வாங்குன கணக்கு. சிச்சுவான் குழு அவங்களோட சிஎச்வி-ங்கற வீரிய வைரஸுக்கு தனியா பேக் குளோன் பண்ணாங்க, 2017-லேர்ந்து அதை வச்சு வரிசையா பேப்பர் வர ஆரம்பிச்சுது.

பேக் கைல இருந்தா வெட்டறது பாக்டீரியா வேலை. ரெட் ரீகாம்பினேஷன்னு ரெண்டு கட்டமா பண்ணுவாங்க. முதல்ல வெட்ட வேண்டிய ஜீன் இடத்துல கனமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக்கை தாங்க வைக்குற எதிர்ப்பு ஜீனை, பக்கத்துலயே ஐ-எஸ்சிஇ-1 என்சைம் வெட்டுற புள்ளியோட சேத்து உள்ள ஏத்துவாங்க, கனமைசின் போட்ட தட்டுல பொழச்சது மட்டும் சரியானது. அடுத்து அந்த என்சைமை கிளப்பி விட்டா கனமைசின் ஜீனும் வெட்டுப்பட்டு வெளிய போயிரும், தழும்பே இல்லாம ஜீன் மட்டும் காணாம போயிருக்கும். தழும்பு இல்லாம இருக்கணும்னு ஏன் இவ்ளோ அடம்? மேல சொன்னேனே, ஜி-டி, ஜி-ஐ, ஜி-இ மூணும் ஒட்டி ஒட்டி இருக்கு. நடுவுல ஒரு பெரிய எதிர்ப்பு ஜீன் உக்காந்துருச்சுன்னா பக்கத்து ஜீனோட ஆர்என்ஏ படிக்கறது கெடும், அப்புறம் வைரஸ் தடுமாறுறது ஜி-இ இல்லாததாலயா இல்ல ஜி-ஐ சரியா வராததாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது.

இதே காரணத்துக்கு தான் ரெவர்டன்ட் வைரஸ், அதாவது எடுத்த ஜீனை அதே இடத்துல திரும்ப வச்ச வைரஸ், கட்டாயம் வேணும். ஜீன் இல்லாதது தடுமாறி, திரும்ப வச்சது அசல் மாதிரியே ஓடுனா தான் பழி அந்த ஜீன் மேல. ரெவர்டன்ட் இல்லாத டெலிஷன் பேப்பரை நான் பாதி நம்பிக்கையோட தான் படிப்பேன், அது யாரோடதா இருந்தாலும் சரி.

ஜி-இ இல்லாத வைரஸ்

2020-ல வந்த ஜி-இ வேலைல அசல் சிஎச்வி, ஜி-இ இல்லாதது, ஜி-இ திரும்ப வச்சதுன்னு மூணையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாத்தாங்க.

முதல்ல வட்டத்தோட அளவு. தட்டுல செல்லை ஒரே படலமா வளர்த்து, கொஞ்சமா வைரஸ் விட்டு, மேல மெத்தில்செல்லுலோஸ் கூழை ஊத்திருவாங்க, அந்த கூழ் வைரஸை மிதந்து தூரமா போக விடாது, பக்கத்து செல்லுக்கு தாவறது மட்டும் தான் வழி. சில நாள் கழிச்சு சாயம் போட்டா செத்த செல் இருந்த இடம் வெள்ளை வட்டமா தெரியும். ஜி-இ இல்லாத வைரஸோட வட்டம் சின்னதா போச்சு, திரும்ப வச்சதுல சரியாச்சு. வைரஸ் உற்பத்தியும் குறைஞ்சுது. இது வரைக்கும் ஆச்சரியம் ஒண்ணுமில்ல, ஆல்ஃபா ஹெர்பிஸ், அதாவது ஹெர்பிஸ் குடும்பத்துல இந்த வைரஸ் இருக்குற கிளை, அதுல ஜி-இ போனா செல்லுலேர்ந்து செல்லுக்கு தாவறது குறையும்னு யாரை கேட்டாலும் சொல்லுவாங்க.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் தான் ஆட்டத்தை மாத்துச்சு. ஹெர்பிஸ் வைரஸ் உறை போட்டுக்கறது ஒரு சுத்து வழி. நியூக்ளியஸுக்குள்ள கேப்சிட் தயாராகி, நியூக்ளியஸ் சவ்வை தாண்டறப்ப ஒரு தற்காலிக உறையை போட்டு கழட்டிட்டு, அம்மணமா சைட்டோபிளாசத்துக்கு வரும். அங்க டெகுமென்ட் கூழை பூசிக்கிட்டு, செல்லுக்குள்ள புரோட்டீனை பொதி கட்டி அனுப்புற கோல்ஜி பக்கத்துலேர்ந்து வந்த சவ்வுப் பைக்குள்ள முட்டி நுழையும், அந்த பை சவ்வு தான் கடைசி உறை, கிளைக்கோபுரோட்டீன் எல்லாம் அந்த சவ்வுல ஏற்கனவே தயாரா நிக்கும். ஜி-இ இல்லாத வைரஸ் புடிச்ச செல்லுல பாத்தா, பஸ் படிக்கட்டுல கூட்டம் அடைச்சு நிக்கிற மாதிரி அந்த பைகளை சுத்தி கேப்சிட் குவிஞ்சு கிடக்கு, உள்ள ஏறுனது ரொம்ப சிலது தான்.

அதாவது ஜி-இ வெறும் பக்கத்து செல்லுக்கு வழி காட்டுற ஆள் இல்ல, இந்த வைரஸ்ல கடைசி உறை போடுற இடத்துலயே அது இல்லாம வேலை தள்ளாடுது. வட்டம் சின்னதானதுக்கும் உற்பத்தி குறைஞ்சதுக்கும் இதுவே ஒரு பெரிய காரணமா இருக்கணும், முழு வைரஸே கம்மியா தயாரானா பக்கத்து செல்லுக்கு எது தாவும்?

ஜி-ஜே-வோட ஒப்பிட்டா இதோட எடை புரியும். 2018-ல அதே குழு ஜி-ஜே-ய எடுத்துட்டு பாத்தப்ப வளர்ச்சியும் பரவலும் லேசா தான் குறைஞ்சுது. ரெண்டுமே அவசியமில்லாத பட்டியல்ல இருக்குற புரோட்டீன், ஆனா ஒண்ணு போனா தும்மல், இன்னொண்ணு போனா காய்ச்சல். அவசியம், அவசியமில்லன்னு ரெண்டே கட்டம் போட்டு வைக்குற பழக்கம் எனக்கு எப்பவுமே ஒத்துக்காது, காரணம் இது தான்.

சொந்தக்காரங்களோட வச்சு பாத்தா

பன்னிக்கு வர்ற சூடோரேபிஸ் வைரஸை எடுத்துக்கலாம், ஆல்ஃபா ஹெர்பிஸ்ல உறை பத்தி அதிகமா ஆராய்ச்சி நடந்ததுல அது ஒண்ணு. அதுல ஜி-இ மட்டும் போனா கடைசி உறைக்கு பெரிய பாதிப்பு இல்ல. ஜி-இ, ஜி-ஐ, ஜி-எம் மூணையும் சேத்து எடுத்தப்ப தான் கேப்சிட்டெல்லாம் டெகுமென்ட் கூழுக்குள்ள கட்டியா சிக்கி நின்னுச்சு, 1999-ல காட்டுன விஷயம். அதாவது அங்க ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் வேலையை பாத்துக்கறாங்க.

இந்த பக்கம் மாரெக்ஸ் வைரஸ், வாத்து பிளேக் வைரஸோட ஒரே ஜீனஸ். அதுல ஜி-இ இல்லாமலோ ஜி-ஐ இல்லாமலோ தட்டுல வைரஸ் வளரவே வளராது, 2001-ல காட்டுனாங்க, அடுத்த வருஷம் ஜி-எம்-மும் ஜி-என்-னும் அதே மாதிரி கட்டாயம்னு வந்துச்சு. அதைவிட கூத்து, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்ல உயிர்நாடியான ஜி-டி மாரெக்ஸுக்கு தேவையே இல்ல. மனுஷனுக்கு சின்னம்மை போடுற வாரிசெல்லா சோஸ்டர் வைரஸ் இன்னும் ஒரு படி மேல, அதுகிட்ட ஜி-டி ஜீனே கிடையாது, ஜி-இ தான் கட்டாயம்.

மாரெக்ஸ், வாரிசெல்லா ரெண்டும் செல் வளர்ப்புல தனி வைரஸா வெளில வராது, செல்லோட ஒட்டியே இருக்கும், பக்கத்து செல்லுக்கு தாவறது ஒண்ணு தான் பொழப்பு. அப்ப ஜி-இ தலையெழுத்தையே எழுதறது நியாயம். சூடோரேபிஸ் தாராளமா வெளில கொட்டும், அதுக்கு ஜி-இ போனா பாதி வழி தான் அடைபடும். வாத்து பிளேக் வைரஸ் ஜீனஸ்ல மாரெக்ஸ் பக்கம், பொழப்புல சூடோரேபிஸ் பக்கம், அதுவும் செல்லுக்கு வெளில தாராளமா வரும். ஜி-இ நிலைமையும் ரெண்டுக்கும் நடுவுல வந்து நிக்குது, எடுத்தா சாகாது ஆனா ஒரே புரோட்டீன் போனதுக்கே உறை போடுற இடத்துல அடைப்பு. ஜீனஸ் பேரை பாத்து முடிவு பண்ணியிருந்தா ஜி-இ இல்லாத வைரஸை வளர்க்கவே முடியாதுன்னு விட்டிருப்பாங்க. சூடோரேபிஸை பாத்து முடிவு பண்ணியிருந்தா உறை பக்கமே மைக்ராஸ்கோப்பை திருப்பியிருக்க மாட்டாங்க.

இதெல்லாம் எதுக்கு உதவும்

சூடோரேபிஸ் கதைல ஜி-இ-க்கு ஒரு பெரிய அத்தியாயம் இருக்கு. 1961-ல ஹங்கேரில பார்த்தாங்கற ஆராய்ச்சிக்காரர் பலவீனமாக்குன தடுப்பூசி வைரஸ்ல ஜி-இ, ஜி-ஐ பகுதி இயற்கையாவே விழுந்து போயிருந்துச்சு, அது யாரும் திட்டம் போட்டு பண்ணதில்ல. பின்னாடி தான் அதோட அருமை தெரிஞ்சுது. ஊசி போட்ட பன்னி ரத்தத்துல ஜி-இ-க்கு ஆன்டிபாடி இருக்காது, நெஜ வைரஸ் புடிச்ச பன்னி ரத்தத்துல இருக்கும், ஒரு எலைசா டெஸ்ட்ல பிரிச்சுரலாம். அப்படி பிரிச்சு பிரிச்சு தான் ஐரோப்பாவுல பல நாடு பண்ணைகள்லேர்ந்து நோயையே விரட்டுச்சு.

வாத்துலயும் அதை பண்ணலாமேங்கற ஆசை தான் ஜி-இ, ஜி-ஐ, ஜி-சி டெலிஷன் வேலைகளுக்கு பின்னாடி இருக்குற பெட்ரோல். ஜி-சி-ய எடுத்தா முதல் ஒட்டல் பலவீனமாகும், ஜி-இ-ய எடுத்தா உறை போடறதும் பரவறதும் பலவீனமாகும், ரெண்டும் வேற வேற கட்டம், அதனால சேத்து எடுத்தா வைரஸ் பழையபடி வீரியத்துக்கு திரும்ப ரெண்டு இடத்துல சரி பண்ணணும். 2022-ல சிச்சுவான் குழு ஜி-சி, ஜி-இ ரெண்டும் இல்லாத வைரஸை வாத்துகளுக்கு போட்டு பாத்தாங்க, வாத்து தாங்குச்சு, அப்புறம் கொல்ற அளவு வைரஸை கொடுத்தப்பவும் காப்பாத்துச்சு.

ஒரு சின்ன உறுத்தல் இருக்கு. உடம்பு வைரஸை தடுக்க போடுற ஆன்டிபாடில நல்ல பங்கு கிளைக்கோபுரோட்டீன்களுக்கு எதிரா தான், ஜி-சி-யும் அதுல ஒண்ணு. 2011-ல ஜி-சி ஜீனை மட்டும் டிஎன்ஏ தடுப்பூசியா வாத்துக்குஞ்சுகளுக்கு போட்டு எதிர்ப்பு சக்தி வருதுன்னு காட்டுனதே இதே குழு தான். அப்ப அதையே தடுப்பூசிலேர்ந்து எடுக்கறோம்னா ஜி-பி, ஜி-டி மீதி பாரத்தை சுமக்கணும். சோதனைல சுமந்துச்சு, சரி. ஆனா ஜி-இ மட்டும் எடுத்து ஜி-சி-ய விட்டு வைக்குற வழி எனக்கு இன்னும் கவர்ச்சியா தெரியுது, அடையாளம் பிரிக்க ஒரு புரோட்டீன் போதும்.

இன்னொரு பக்கம் ஹார்பின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2011-ல பண்ணது. அவங்க இந்த வைரஸ்லேர்ந்து ஒண்ணையும் எடுக்கல, ஹெச்5என்1 பறவை காய்ச்சலோட ஹீமக்ளுட்டினின்ங்கற மேற்பரப்பு புரோட்டீனோட ஜீனை உள்ள சேத்தாங்க. சொருகி பாத்த ரெண்டு இடத்துல ஒண்ணு யூஎஸ்-7-க்கும் யூஎஸ்-8-க்கும் நடுவுல, அதாவது ஜி-ஐ-க்கும் ஜி-இ-க்கும் இடைல இருக்குற சந்து. ஒரே ஊசில வாத்து பிளேக்கும் பறவை காய்ச்சலும், ஒரு டோஸே போதுமான பாதுகாப்பு கொடுத்துச்சு. சீனா மாதிரி பறவை காய்ச்சலுக்கு வாத்து பாலமா நிக்குற இடத்துல இதோட மதிப்பு வேற லெவல்.

நம்ம பக்கத்து கணக்கு

இந்தியாவுல போடுற வாத்து பிளேக் தடுப்பூசி கோழி முட்டை கருவுல பல தலைமுறை வளர்த்து பலவீனமாக்குன வைரஸ், அந்த முறையே நெதர்லாந்துல யான்சன் வேலைலேர்ந்து வந்தது. ஊசி நல்ல ஊசி தான், வேகமா பாதுகாப்பு கொடுக்கும். கேரளாவுல குட்டநாடு, நம்ம பக்கம் ஆரணி, விழுப்புரம் மாதிரி இடங்கள்ல அறுவடை முடிஞ்ச வயலுக்கு வயல் வாத்து மேய்க்கறவங்களுக்கு அது தான் கைல இருக்குற ஆயுதம்.

இந்த மாதிரி கருமுட்டை வைரஸை செத்த வாத்து திசுல பாத்தா பிசிஆர்-ல பிரிக்க வழி இருக்கு, சீனாவுல பயன்படுத்துற சி-கேசிஇ தடுப்பூசி வகைல யூஎல்-2 ஜீன்ல 528 எழுத்து காணாம போயிருக்கும், வீரிய வைரஸ்ல முழுசா இருக்கும், ஜெல்ல பட்டை கீழ இறங்கி நிக்கும். ஆனா இது வைரஸ் கைல கிடைச்சா மட்டும். உயிரோட நிக்கிற வாத்துல வைரஸ் நரம்பு முடிச்சுல தூங்குது, ரத்தத்துல ஆன்டிபாடி மட்டும் தான் கிடைக்கும், ஜி-இ இருக்குற தடுப்பூசி போட்ட மந்தைல அந்த ஆன்டிபாடி ஊசியால வந்ததா, பதுங்கி இருக்குற வைரஸால வந்ததான்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

அதுக்காக ஜி-இ இல்லாத தடுப்பூசி வந்துட்டா பன்னி மாதிரி வாத்துலயும் நோயை ஒழிச்சுரலாம்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போகல. ஐரோப்பிய பன்னி கொட்டகைக்குள்ள அடைபட்டு இருந்துச்சு, மேயற வாத்து தண்ணிய காட்டு பறவையோட பகிர்ந்துக்குது, லேக் ஆண்டிஸ் மாதிரி ஒரு கூட்டம் வைரஸை சுமந்துட்டு வந்து அதே வாய்க்கால்ல இறங்குனா மறுபடி முதல்லேர்ந்து. மேய்ச்சல் மந்தைல ரத்தம் எடுத்து எலைசா போட்டு, பாசிட்டிவ் வாத்தை பிரிச்சு தள்ளறதுக்கு ஆகுற செலவை மேய்க்கறவர் தலைல கட்ட முடியாது. அடைச்சு வளர்க்குற தாய் வாத்து பண்ணை, குஞ்சு பொரிப்பகம் இந்த மாதிரி இடத்துக்கு தான் அந்த டெஸ்ட் முதல்ல போகணும், அங்கேர்ந்து தான் குஞ்சு ஊர் ஊரா போகுது, பதுங்கின வைரஸோட ஒரு தாய் வாத்து உள்ள நின்னா கூட அது எத்தனை மந்தைக்கு போய் சேரும்னு பொரிப்பகம் வச்சிருக்கவங்களுக்கு நல்லாவே தெரியும்.